பொம்மைக்குத் தொந்தி விழுந்த விதம்

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அவரைப் பெற்றோர் இட்ட பெயரால் அழைப்பவர் எவருமிலர். வாயிற்காவலருக்கும் செவிலியருக்கும் அவர் 'பொத்தான்'; மரியாதை தெரிந்தவர்க்குப் 'பொத்தான் சார்'. சட்டையின் கழுத்துப் பொத்தானை அவர் கழற்றி எவரும் கண்டதில்லை. மின்சாரம் நின்று, மாடி முழுவதும் கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டு தவித்த நாளிலும் அந்தப் பொத்தான் தன் இடத்தை விட்டு அசையவில்லை. வயது ஐம்பத்தொன்று. பேச்சிலே சிக்கனம், வேலையிலே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் கறார். மாடிப்படி ஏறமாட்டார். லிப்ட் பழுதானால், யாரையோ எதிர்பார்ப்பவர்போல் கீழ்த்தளத்திலேயே உலவிக்கொண்டிருப்பார். மனிதர் சோம்பேறி என்று சிலர் முடிவு கட்டியிருந்தனர்.

மார்பெலும்பு உள்வாங்கிக் குழி விழுந்தவர்கள், முன்தள்ளிக் கூடு கட்டியவர்கள் ஆகியோரின் மார்பை முப்பரிமாண ஸ்கேனரால் பதிவு செய்வது அவர் பணி. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஓர் ஆளை எக்ஸ்ரே கதிருக்குக் காட்டுவது தகாது என்று வாதாடிப் பெரிய டாக்டரம்மா அந்த இயந்திரத்தை வாங்கியிருந்தார். அதிலே கதிர் கிடையாது, வெறும் வெளிச்சந்தான். வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வட்டமான சுழல்தட்டின்மேல் ஏறி, இருபுறக் கைப்பிடிகளையும் பற்றி நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சை இழுக்குமுன் அப்படியே நிறுத்த வேண்டும். எதிரே கம்பத்தில் பொருத்திய கருவி கோடு கோடாக ஒளியை வீச, தட்டு பதினொரு நொடியில் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். கழுத்து முதல் தொப்புள் வரை ஆளின் உருவம் சாம்பல்நிறக் களிமண்போலத் திரையில் எழும். பழைய உருவத்தின்மேல் புதியதை ஏற்றி வைத்தால், மாறாத இடம் பச்சை. மேடிட்ட இடம் சிவப்பு. பள்ளமான இடம் நீலம்.

ஆண்களுள் பெரும்பாலோர் கருவியைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வர். "இது கல்யாண போட்டோ இல்லைங்க, மூச்சை விடுங்க" என்பார் பொத்தான். நாள் முழுவதும் அவர் பேசும் நீளமான வாக்கியம் அதுவே.

இயந்திரத்தை நம்புவதற்கு ஒரு விதி உண்டு. திங்கட்கிழமைதோறும், முதல் நோயாளி வருமுன், அளவு மாறாத ஒரு பொருளைத் தட்டில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். அளவு ஒரு மில்லிமீட்டருக்குமேல் பிசகினால் இயந்திரத்தின்மேல் ஐயம் கொள்ள வேண்டும். அதற்காகவே துணிக்கடையில் நிற்கும் பொம்மையொன்றின் மேற்பாதியை வாங்கி, நெஞ்சிலே குழி தோண்டிச் சாந்து பூசி, பெரிய டாக்டரம்மா கொடுத்து வைத்திருந்தார். கொள்முதல் பிரிவோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி வாங்கிய பொம்மை அது.

அந்தப் பொம்மை முதல் சோதனைக்கு முந்தின மாலையே பொத்தானின் கை நழுவித் தரையில் விழுந்து, சாந்தும் சுண்ணாம்புமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை அவர் அந்தத் தூளைப் பார்த்தார். வெளியே காத்திருந்த பதினொரு நோயாளிகளையும் பார்த்தார். பெரிய டாக்டரம்மாவின் முகத்தை நினைத்தார். கதவைத் தாழிட்டார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அதற்குக் கீழே இருந்தவற்றையும் கழற்றினார். சுழல்தட்டில் ஏறி, காலால் அழுத்தும் விசையை மிதித்து, மூச்சை விட்டு நின்றார். திரையில் எழுந்த உருவத்தின் நெஞ்சிலே இருபத்து நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி இருந்தது. அது சாந்தில் தோண்டிய குழி அன்று, பிறக்கும்போதே உடன்வந்தது. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் 'பொம்மை' என்று எழுதிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

புதிய பொம்மை கிடைக்கும்வரை ஒரே ஒரு வாரம் என்றுதான் நினைத்தார். அந்த ஒரு வாரம் நான்கு ஆண்டாக நீண்டது.

உண்மையைச் சொன்னால், பொம்மையாக இருப்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு வயதில் பள்ளி நீச்சல் வகுப்பிலே, "இவன் நெஞ்சுல தண்ணி ஊத்தி வெச்சா குருவி வந்து குடிக்கும்டா" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்று போட்ட பொத்தான் அது. குளத்தங்கரையில் கேலிக்கு உள்ளான அந்தக் குழி, திங்கட்கிழமைதோறும் பதினொரு நொடி, ஊரார் குழிகளுக்கெல்லாம் அளவுகோலாக நின்றது. வாரா வாரம் எண் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. இவ்வளவு நன்றாக மூச்சை நிறுத்தும் நோயாளியை அவர் கண்டதேயில்லை. இது வெளியிலே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை. ஆயினும் பெருமை பெருமைதானே.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பொம்மையின் வாழ்விலே அக்கா வந்து சேர்ந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, இரண்டு பெட்டியும் ஒரு பெரிய வாணலியுமாகத் தம்பி வீட்டுக்கு வந்தவர் அவர். தம்பி நாள்தோறும் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று காலம் தள்ளியதைக் கண்டு அடுப்படியைக் கைப்பற்றினார். போதும் என்று தம்பி கையைக் குறுக்கே வைத்தால், விரல்களுக்கு நடுவே ஊற்றுவார். "எலும்பும் தோலுமா இருந்தா எவன்டா மதிப்பான்?" என்பார். "இந்த வெயில்ல அந்தக் கழுத்துப் பொத்தானையாவது கழட்டேன்டா" என்றும் அவ்வப்போது சொல்லிப் பார்ப்பார். அந்த ஒன்றில் மட்டும் அவருடைய அதிகாரம் செல்லவில்லை. நான்கு மாதத்தில் பொத்தானின் இடைவார் இரண்டு துளை வெளியே நகர்ந்தது. துணி துவைத்துத் துவைத்துச் சுருங்குகிறது என்று அவர் உண்மையிலேயே நம்பினார். திங்கட்கிழமைகளில் அவர் பார்ப்பதெல்லாம் குழியின் ஆழம் ஒன்றைத்தான். சுற்றிலும் சதை மேடிட்டதால் அது இருபத்து நான்கிலிருந்து இருபத்து ஆறாகி, ஒரு மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டியபோது, தாம் ஏதோ மூச்சுப் பிசகாக நின்றதாகக் கருதித் தம்மையே கடிந்துகொண்டார். முழு உருவத்தையும் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தன் தொந்தி தன் கண்ணுக்குக் கடைசியாகத்தான் தெரியும்போலும்.

இயந்திரக் கம்பெனியின் இன்ஜினியர் ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தது ஒரு புதன்கிழமை. இளைஞர், எண்களைத் தவிர வேறெதையும் நம்பாதவர். பொம்மையின் முதல் பதிவின்மேல் கடைசிப் பதிவை ஏற்றினார். திரையிலே வயிற்றைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வளையம் எழுந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார். நடுவிலிருந்த பதிவுகளையும் புரட்டினால், இடுப்புச் சுற்றளவு நான்கே மாதத்தில் ஐந்து சென்டிமீட்டர் கூடியிருந்தது.

பெரிய டாக்டரம்மாவை அழைத்துக் காட்டினார். அவர் திரையை நெடுநேரம் உற்று நோக்கினார்.

"பொம்மைக்குத் தொப்பை போட்டிருக்கு" என்றார்.

"மெஷின் கெட்டிருக்கு மேடம். சாந்துப் பொம்மை எப்படிப் பெருக்கும்?"

"பொம்மையைக் கொண்டு வாங்க, டேப் வெச்சு அளந்து பாத்துடலாம்."

இருவரும் பொத்தானைத் திரும்பிப் பார்த்தனர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பொம்மையைச் சுத்தம் செய்யக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, வெளியிலே என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, காய்ந்தவுடன் என்றார். பொய்யிலே பழக்கமில்லாதவர், மூன்று பொய்க்குமேல் அவரிடம் கையிருப்பு இல்லை.

இன்ஜினியர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். இயந்திரத்தைப் பழுது பார்க்க மூன்று மாதம் அனுப்ப வேண்டும் என்றும், கடந்த நான்கு மாதப் பதிவுகள் எவற்றையும் சிகிச்சைக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது என்றும் எழுதத் தொடங்கினார். இன்று இயந்திரம் சரியாக இருந்தாலும், நடுவில் எந்த நாளில் எவ்வளவு பிசகியது என்று சொல்லப் பொம்மையைத் தவிர வேறு சாட்சி இல்லை என்றார். அவர் சொன்னதில் குற்றமில்லை. சாட்சி மட்டும் அங்கேயே, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றது.

இது நடந்துகொண்டிருந்தபோதே அன்றைய முதல் நோயாளியாக நீச்சல்காரி வந்து சேர்ந்தாள்.

பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி அவள். வாய் ஓயாதவள். அவள் மார்பிலும் குழி உண்டு. ஆனால் அதை அவள் ஒரு வீட்டு விலங்கைப்போல நடத்தினாள். நாள்தோறும் நான்கு மணி நேரம் நெஞ்சிலே ரப்பர்க் கிண்ணமொன்றை வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சி, எலும்பைச் சிறுகச் சிறுக வெளியே இழுக்கும் சிகிச்சை அவளுக்கு. இரண்டு ஆண்டாக ஒரு நாளும் தவறவில்லை. அதன் பயனாகக் குழியின் ஆழம் முப்பத்தொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கி, நெஞ்சில் கம்பி வைக்கும் அறுவை சிகிச்சைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை ஆறு வாரத்திற்கு முன்புதான் நீக்கியிருந்தனர். அறுவை என்றால் ஓராண்டு நீந்தமுடியாது. அடுத்த மாதமோ மாணவர் அணிக்குத் தேர்வு.

அவளுக்குச் சொந்தமாக ஓர் அளவுமுறையும் இருந்தது. மல்லாந்து படுத்து, குழியில் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். "ஆரம்பத்துல எட்டு ஸ்பூன் புடிச்சுது சார், இப்ப அஞ்சு ஸ்பூன்லயே வழியுது" என்று போன முறை பொத்தானிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் அன்று வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழியில் தண்ணீர் என்ற பேச்சை அவர் கேட்டு முப்பத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு ஒருவர் சிரிக்கவும் முடியும் என்பதை அன்றுதான் அறிந்தார்.

பெரிய டாக்டரம்மா அவளை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். இயந்திரத்தின்மேல் ஐயம் வந்துவிட்டது, அதற்கு முந்தைய இருபது மாதப் பதிவுகளின்படி ஆழம் குறைந்தது மூன்று மில்லிமீட்டர்தான், மிச்சமெல்லாம் இந்த நான்கு மாதத்துக் கணக்கு, அது செல்லாது. ஆகவே அவள் பெயர் மறுபடியும் அறுவைப் பட்டியலுக்குப் போகும். இயந்திரம் திரும்பி வந்தபின் பார்க்கலாம்.

"ஸ்பூன் கணக்கை எழுதிக்க மாட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

"ஸ்பூனுக்கு ரிப்போர்ட்ல கட்டம் இல்லம்மா."

அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. "மூணு மாசத்துல டீம் போயிடும்" என்றாள். பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டில் அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. இன்ஜினியரின் விசைப்பலகை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

பொத்தான் எழுந்தார். கதவருகே போனார். வழக்கப்படி தாழிடக் கை நீண்டது. பிறகு அந்தக் கையை இழுத்துக்கொண்டார். திரும்பி வந்து சுழல்தட்டின்மேல் ஏறி நின்றார்.

"பொம்மை வந்துடுச்சு மேடம்" என்றார்.

பெரிய டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. "குளிக்கப் போன பொம்மையா? எங்க?"

அவர் கழுத்துப் பொத்தானின்மேல் கையை வைத்தார். நான்கு ஆண்டு திங்கட்கிழமைதோறும் கழற்றிய பொத்தான்தான்; ஆனால் மூன்று பேர் பார்க்கக் கழற்றியதில்லை. விரல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை கழன்றது. மற்றவை தாமாகவே கழன்றதுபோல் இருந்தன. சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தார். பதற்றத்திலும் மடிப்புக் கலையவில்லை. கைப்பிடிகளைப் பற்றினார். மூச்சை விட்டார். நிறுத்தினார்.

இன்ஜினியர் வாயைத் திறந்தபடியே விசையைத் தட்டினார். பதினொரு நொடி ஒரு யுகமாகச் சுழன்றது. அந்த உருவத்தைப் போன திங்கட்கிழமைப் பொம்மையின்மேல் ஏற்றியபோது, கழுத்திலிருந்து தொப்புள் வரை ஒரே பச்சை.

"பூச்சியம் புள்ளி நாலு மில்லிமீட்டர்" என்றார் இன்ஜினியர். பிறகு தொழிற்பற்று மேலோங்க, "ஆனா நடுவுல நாலு மாசம் மெஷின் சரியாத்தான் இருந்துச்சுன்னு இது நிரூபிக்கலையே. இவர் நெஜமாவே அஞ்சு சென்டிமீட்டர் பெருத்தாரான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

பொத்தான் இடைவாரை உருவிக் கொடுத்தார். அந்த வாரில் பழைய துளையருகே ஆழப் பதிந்த தேய்மானத் தடம் இருந்தது. அதற்கு இரண்டு துளை தள்ளிப் புதிய தடம். இன்ஜினியர் பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்து, இரு தடங்களுக்கும் இடையே வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். ஐந்து சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். திரையிலிருந்த எண்ணைப் பார்த்தார். ஐந்து சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்.

"எப்பலேர்ந்து இந்தத் துளைக்கு வந்தீங்க?"

"அக்கா வந்ததுலேர்ந்து" என்றார் பொத்தான்.

நீச்சல்காரிதான் முதலில் சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து, கிண்ணத்தால் வாயை மூடிக்கொண்டு, இறுதியில் தோள் குலுங்கச் சிரித்தாள். பொத்தான் அந்தச் சிரிப்புக்காக முப்பத்தொன்பது ஆண்டாக அஞ்சிக்கொண்டிருந்தவர். அது வந்து சேர்ந்தபோது குழியைப் பற்றியதாக இல்லை, தொந்தியைப் பற்றியதாக இருந்தது. அவருக்கும் உதட்டோரம் கோணிற்று.

"சார், உங்களுக்கு ஆறு ஸ்பூன் புடிக்கும்" என்றாள் அவள், அனுபவசாலியின் பார்வையோடு.

இன்ஜினியர் எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினார். இயந்திரம் சரி, பொம்மைதான் உண்ணும் இயல்புடையது என்ற கருத்தை அலுவலக நடையிலே எப்படி எழுதுவது என்று அவர் சிறிது நேரம் திண்டாடினார். நீச்சல்காரியின் இருபத்திரண்டு மில்லிமீட்டர் செல்லுபடியாயிற்று. பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. அன்றைய பதிவில் அது இருபத்தொன்றாக வந்தது. அவள் அதைக் கையிலே எழுதிக்கொண்டு, லிப்டுக்குக் காத்திராமல் படிகளில் குதித்து இறங்கிப் போனாள்.

இன்ஜினியரும் கிளம்பியபின் அறையில் எஞ்சியவர் பெரிய டாக்டரம்மாவும் பொத்தானுந்தான். டாக்டரம்மா சிரிப்பை முடித்துக்கொண்டு வசவைத் தொடங்கினார். நான்கு ஆண்டாகத் தன்னை ஏமாற்றியதற்கும், விதியை மீறியதற்கும், ஒரு பெண்ணின் நெஞ்சைக் கத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோனதற்கும் சேர்த்து, எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார். பொத்தான் அத்தனைக்கும் தலையாட்டினார். அவர் எதிர்பார்த்தது இதைவிட அதிகம்.

பிறகு டாக்டரம்மா திரையை நோக்கித் திரும்பினார். அவர் பார்வை மாறியிருந்தது.

"இந்தப் பொம்மை ஏன் மாடிப்படி ஏற மாட்டேங்குது?"

பொத்தானின் பொய்க் கையிருப்பு ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது.

"மூச்சு வாங்கும் மேடம். சின்ன வயசுலேர்ந்தே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சட்டையைக் கழட்டச் சொல்வீங்கன்னுதான்."

நான்கு ஆண்டாக இருநூற்று எட்டுத் திங்கட்கிழமை அவருடைய மார்பு தன் மேசைக்கு வந்துகொண்டிருந்ததை எண்ணி, டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். இருநூற்று எட்டு முறையும் பொம்மை நன்றாக இருப்பதாகக் கையெழுத்திட்டவர் அவரே. இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்க வேண்டும், அதற்கு நோயாளியாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றார். கட்டாயப்படுத்தவில்லை, யோசித்துச் சொல்லுமாறு கூறிவிட்டு எழுந்தார்.

பொத்தான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தார். கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அதைப் போடவில்லை. கணினியின் முன் அமர்ந்து, 'பொம்மை' என்றிருந்த பெயரை அழித்தார்.

"வர்ற திங்கக்கிழமைக்கு வேற பொம்மை வாங்கிடுங்க மேடம்" என்றார். "நான் செவ்வாக்கிழமை நோயாளிங்க வரிசையில வரேன்."